இடுப்பில் துண்டு கட்டிய டீச்சர்

டிரைவர் வேலை என்பது பாதி ஓட்டுவது, பாதி காத்திருப்பது. ஓட்டுகிற பாதிக்கு லைசென்ஸ் கொடுத்துவிடுகிறார்கள், காத்திருக்கிற பாதியை நாமேதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஸ்டீரிங் பிடித்த எவரைக் கேட்டாலும் இதையே சொல்வார். மர நிழலில் வண்டியை விட்டு, சீட்டைச் சாய்த்து, தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் கிடப்போமே, அந்த நேரத்தில்தான் பார்த்ததெல்லாம் மெதுவாக உள்ளே இறங்கும். நான் சொல்லப்போவது எல்லாம் நடந்தவைதான். ஆனாலும் மழை ஓடுகிற கண்ணாடி வழியாகப் பார்த்ததுபோல அங்கங்கே கலங்கித் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணாடம் பக்கம் கரும்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். சுனாமி வந்த மறு மாதம், கடலூர் பழைய நகரமான ஓ.டி.யில் ஒரு கிறிஸ்தவச் சபையார் நடத்திய சேவை மையத்தில் வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். போய் நின்றேன். நான் திருநீறு பூசுகிறவன், அவர்கள் ஜெபம் பண்ணுகிறவர்கள். வண்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். மையத்தின் தலைவர் எஸ்தர் டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவர், என்னைவிடச் சில வயது சின்னவர், என்னை ‘மூர்த்தி அண்ணே’ என்பார். அவருக்கு அடுத்தபடியாக ஜான்சன். சமூகப்பணியில் பட்டம் வாங்கிய இளைஞர், ஷூவில் தூசி படிந்தால் முகம் வாடிவிடும். கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் வரைக்கும் ஏழெட்டு வருஷம் இந்த இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு திரிந்தேன்.

முன் சீட்

நம் மரியாதை நம் பக்கத்துச் சீட்டில்தான் இருக்கிறது. அங்கே பெரிய ஆள் உட்கார்ந்திருந்தால் டீக்கடைக்காரர் நமக்கும் டம்ளரை இரண்டு தரம் அலம்பிக் கொடுப்பார். அதனால் முதல் நாள் காலையில் நான் ஓடிப்போய் முன்கதவைத் திறந்துவைத்து விறைப்பாக நின்றேன். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பின்னால் ஏறி அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இடம் பண்ணி உட்கார்ந்துகொண்டார். முன் சீட் யாருக்கு என்று கேட்டேன். வழியில் யாராவது இருப்பார்கள் என்றார்.

இருந்தார்கள். வழியில் எவர் நடக்க முடியாமல் நடக்கிறாரோ அவருக்குத்தான் அந்த வண்டியின் முன் சீட் என்பது எனக்கு இரண்டு மூன்று நாளில் புரிந்துபோனது. பிள்ளைத்தாய்ச்சி, கட்டுப்போட்ட கால்காரர், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டவர் என்று யாராவது கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வயசான அம்மாவை ஏற்றினோம். மகள் வீட்டுக்குப் போகிறவர். சீட்டின் மெத்தையைத் தடவிப் பார்த்தார், முன்கண்ணாடியில் ஆடிய மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பின்னால் திரும்பி, மூட்டை சரியாமல் முதுகால் முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்த டீச்சரை வெகுநேரம் பார்த்துவிட்டு என் காதருகே வந்து ரகசியமாகக் கேட்டார்:

“ஏன் தம்பி, இப்பல்லாம் பொம்பளையக்கூட கிளீனரா வெச்சிக்கிறீங்களா?”

உப்புத் தண்ணீர்

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கரையோரத்து ஜனங்களைத் தங்கவைத்திருந்தார்கள். அலைக்குப் பயந்து ஓடியவர்கள் எல்லோருக்கும் காலில் காயம். உடைந்த கண்ணாடி, தகரம், முள், என்னென்னவோ குத்தியிருந்தது. நர்சம்மா காலையில் வந்து மருந்து வைத்துவிட்டு அடுத்த முகாமுக்குப் போய்விடுவார். சாயங்காலத்துக்குள் புண்ணில் மறுபடி சேறும் ஈயும் சேரும். டீச்சர் புடவைமேல் ஒரு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் டப்பில் வெந்நீரும் உப்பும் கலந்து, வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொருவர் காலாகக் கழுவ ஆரம்பித்தார்.

ஏழுமலை என்பவர் மட்டும் காலைக் காட்டவில்லை. சொந்தப் படகு வைத்திருந்தவர், அந்தக் குப்பத்துப் பஞ்சாயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். படகும் போய், மனைவியையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. வராந்தாவின் கடைசியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாதம் சேனைக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. பெண்பிள்ளை கையால் காலைத் தொடவிடுவது பாவம் என்று ஒரு தரம் சொன்னார், அப்புறம் அதுவும் சொல்லவில்லை. டீச்சர் டப்பை அவர் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் ஆறியது. எழுந்துபோய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தார். அதுவும் ஆறியது. மறுபடியும் போனார். வண்டியில் கிடந்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. காற்றில் கண் சொக்கி, விழித்து, மறுபடி சொக்கி, கடைசியில் நான் விழித்தபோது அவருடைய கால் தண்ணீருக்குள் இருந்தது.

டீச்சர் குனிந்து கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார். ஏழுமலை தண்ணீரையே பார்த்துக்கொண்டு அழுதார். வலிக்காக அழுகிறவர் அப்படி அழ மாட்டார். துடைத்து, மருந்து வைத்து, துணி சுற்றி முடித்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. நாங்கள் கிளம்பும்போது அவர் நொண்டிக்கொண்டே வண்டிவரை வந்து, டீச்சர் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“தண்ணி மேலயே எனக்குக் கோவம் டீச்சர். குடிக்கிற தண்ணியக்கூட பாக்கப் புடிக்கல. இன்னிக்குக் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு.”

ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை

மறுநாள் காலை சிதம்பரம் போனோம். பனி அப்படி ஒரு பனி. சாலையும் தெரியவில்லை, வயலும் தெரியவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைத் துணிக்குள் ஊர்ந்துபோவதுபோலப் போய்க்கொண்டிருந்தோம். அந்த மாதிரி நேரத்தில் வண்டிக்குள் இருப்பவர்கள் மனசில் உள்ளதைப் பேசிவிடுவார்கள், கவனித்திருப்பீர்கள். ஜான்சன் பேசினார். தலைவராக இருப்பவர் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு தரையில் உட்காருவது தனக்குப் பிடிக்கவில்லை என்றார்.

டீச்சர் கோபப்படவில்லை. அவர்களுடைய ஆண்டவர் சாவதற்கு முந்தின நாள், சாப்பாட்டிலிருந்து எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, தன்னோடு இருந்தவர்களின் கால்களைக் கழுவினாராம். காட்டிக்கொடுக்கப் போகிறவனுடைய காலையும்தான். பெரியவனாக இருக்க ஆசைப்படுகிறவன் எல்லோருக்கும் வேலைக்காரனாக இருக்கட்டும் என்று சொன்னவர், அதைச் செய்தும் காட்டினார் என்றார் டீச்சர். நான் அந்தக் கதையை அன்றுதான் கேட்டேன். ஜான்சனுக்கு அது சின்ன வயசிலிருந்தே தெரிந்த கதை. அவர் கேட்டது வேறு. எங்கள் பக்கத்தில் பண்ணைக்காரர் வாசலில் நிற்கிறவன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஜான்சனுடைய தாத்தா அப்படி நின்றவர். அந்தத் துண்டை அவிழ்ப்பதற்காகத்தான் அப்பா கூலி வேலை செய்து தன்னைப் படிக்கவைத்தார் என்றும், டீச்சர் அதைத் திரும்ப எடுத்துக் கட்டினால் பார்க்கத் தாங்கவில்லை என்றும் சொன்னார்.

எங்கள் வீட்டு வாசலில் அப்படி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் கியரை மாற்றுவதிலேயே கவனமாக இருந்தேன். டீச்சர், தன்னுடைய தாத்தாவும் கட்டியவர்தான் என்றார். அடுத்தவன் கட்டச் சொன்னால் அது அடிமை வேலை, தானாகக் கட்டிக்கொண்டால் தானாக அவிழ்க்கவும் முடியும், வித்தியாசம் அவ்வளவுதான் என்றார். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது கீழே ஆறே இல்லை, பனிதான் ஓடிக்கொண்டிருந்தது. பாலம் முடிகிற இடத்தில் ஜான்சன் சொன்னார்:

“சரி டீச்சர், புரியுது. ஆனா நான் கட்ட மாட்டேன்.”

அண்டாவின் இரண்டு காது

முகாம் பிள்ளைகளுக்குப் பரங்கிப்பேட்டையில் ஜைனபு பீவி என்ற அம்மா தினமும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். கணவர் வெளிநாட்டில் வேலை. வீட்டுக் கொல்லையில் மூன்று கல் கூட்டி, ஏலமும் பூண்டும் மணக்க அண்டா நிறையக் கொதிக்கும். அந்த மணம் தெருமுனையிலேயே வண்டியைப் பிடித்து இழுக்கும். ஒரு நாள் அண்டாவை வண்டிக்குத் தூக்கும்போது டீச்சர் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, மற்றதை என்னிடம் கொடுக்கச் சொன்னார். பீவியம்மா விடவில்லை. கனம் என்று டீச்சர் சொன்னார். கனம் என்றுதான் தானும் பிடித்திருப்பதாக அவர் சொன்னார். இரண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடித்தபடி கொல்லையில் நிற்க, நடுவில் கஞ்சி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் விட்டுக்கொடுக்காமல் நின்ற ஒரே இடம் அது. கடைசியில் பீவியம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நியாயம் கேட்டார்:

“எல்லா நன்மையையும் நீங்களே அள்ளிக்கிட்டா, நாங்க மறுமைக்கு எதத்தான் எடுத்துக்கிட்டுப் போறது?”

ஒன்றும் கொண்டுபோகாத நாள்

கிள்ளைக்கு அப்பால், சுரபுன்னைக் காட்டின் ஓரத்தில் இருளர் குடும்பங்கள் இருந்தன. உப்பங்கழியில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நகர்வார்கள். சுனாமியில் படகு இழந்தவர்களுக்குப் படகு வந்தது, வலை இழந்தவர்களுக்கு வலை வந்தது. இவர்களிடம் படகும் இல்லை வலையும் இல்லை என்பதால், இவர்கள் எதையும் இழக்கவில்லை என்று ஆகிவிட்டது. முதல் தரம் நாங்கள் போனபோது வேனைப் பார்த்ததுமே காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். வண்டி என்றால் அவர்களுக்குப் போலீஸ், இல்லாவிட்டால் காலி பண்ணச் சொல்லுகிறவர்கள்.

அடுத்த தரம் டீச்சர் வண்டியைத் தூரத்திலேயே விடச் சொன்னார். அரிசி, போர்வை ஒன்றும் எடுக்க வேண்டாம் என்றார். வெறும் கையோடு சேற்றில் நடந்தோம். கரையில் பெண்கள் கைக்குழந்தைகளைத் துணியில் கிடத்திவிட்டுத் தண்ணீரில் இறங்கத் தயங்கிக்கொண்டிருந்தார்கள். அலை வந்து போனதிலிருந்து பிள்ளையைக் கரையில் விட்டு இறங்க அவர்களுக்குப் பயம். டீச்சர் போய்க் கரையில் உட்கார்ந்தார். பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன், போய்விட்டு வாருங்கள் என்றார். பச்சையம்மா என்ற பெண்தான் முதலில் கொடுத்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகக் கொடுத்துவிட்டு இறங்கினார்கள்.

அந்தக் காலை வேளையை என்னால் இன்றைக்கும் முழுசாக நம்ப முடிவதில்லை. வேர்களுக்கு நடுவில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. இலை வழியாக விழுந்த வெளிச்சம் தண்ணீரில் பட்டு, மறுபடி இலைக்கே போய் ஆடியது. தண்ணீருக்கு மேலே தலைகள் மட்டும் மெதுவாக நகர்ந்தன. டீச்சர் மடியில் இரண்டு, தோளில் ஒன்று. எனக்கு எப்போது கண் அசந்தது தெரியாது. விழித்தபோது ஒரு குழந்தை என் வயிற்றின்மேல் குப்புறப்படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அசைந்தால் எழுந்துவிடுமே என்று, ஒரு டிரைவருக்குப் பழக்கமான எல்லாக் காத்திருப்பையும்விட மரியாதையாக அன்றைக்குக் காத்திருந்தேன். நனைந்த புடவையோடு கரையேறி வந்து பிள்ளையை எடுத்துக்கொண்ட பச்சையம்மா டீச்சரிடம் சொன்னாள்:

“நீங்க ஒன்னும் கொண்டாரலியா, அப்பறந்தான் எங்களுக்குப் பயம் போச்சி.”

ஒரே நாற்காலி

இருளர்கள் கேட்டது அரிசி இல்லை. தாங்கள் இங்கேதான் இருக்கிறோம், இன்ன சாதி என்று எழுதிக் கொடுக்க யாரும் இல்லை, அது இல்லாமல் எந்த உதவியும் வராது, அதைக் கொடுக்கிற அரசு அலுவலகத்துக்குப் போகக் கூட வர வேண்டும் என்றுதான் கேட்டார்கள். போனோம். சிதம்பரத்தில் ஓர் அலுவலகம், முன்னால் பெரிய தூங்குமூஞ்சி மரம். எத்தனை பகல்களை அந்த மரத்தடியில் விட்டேனோ. மதியத்தில் வெயில் கானலாக எழும்பி எதிர்க்கட்டடமே தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். டீச்சர் இவர்களோடு வரிசையில் நிற்பார், வரிசை உட்கார்ந்தால் உட்காருவார். படித்தவர் என்று தெரிந்து யாராவது முன்னால் கூப்பிட்டாலும் போக மாட்டார்.

ஒரு நாள் உள்ளேயிருந்த அதிகாரி பார்த்துவிட்டு எல்லோரையும் அழைத்தார். அறையில் அவருடைய நாற்காலி தவிர ஒரே ஒரு நாற்காலி. அதை டீச்சருக்குக் காட்டினார். டீச்சர் பச்சையம்மாவின் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்துவிட்டு, மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். அதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்தார். உட்காரப் போனார். டீச்சர் தரையில் இருக்கும்போது தான் நாற்காலியில் உட்கார அவருக்கு மனசு வரவில்லை. பச்சையம்மா சொன்ன கதை முழுவதையும் அந்த நல்ல மனுஷர் நின்றுகொண்டே கேட்டார்.

அன்றைக்கே ஒன்றும் நடந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் பல தரம் போனோம், ஒரு மழைக்காலம் முழுசாகப் போனது. ஆனால் சான்றிதழ் வந்தது, அதன் பின்னால் சிறுசிறு வீடுகளும் வந்தன. அதிகாரியைப் பார்த்த அன்று திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பச்சையம்மாவிடம் நாற்காலி எப்படி இருந்தது என்று கேட்டேன். ரொம்பவும் யோசித்துத்தான் பதில் சொன்னாள்:

“ஆடுது அண்ணே. அதுல எப்பிடித்தான் பொழுதன்னிக்கும் குந்திகினு இருக்காங்களோ, பாவம்.”

வராதீங்க

கடலூருக்குத் தெற்கே ஒரு சின்னக் கிராமத்தில் கடல்தண்ணீர் ஏறிக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. தினமும் விடிந்ததும் டிரம்களில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போவோம். டீச்சரும் கூட வந்து குடம் குடமாக ஊற்றுவார். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குக் குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு போவார். மாதங்கள் அப்படியே ஓடின. எனக்குக்கூட அது ஒரு பழக்கமாகி, கண்ணை மூடிக்கொண்டே அந்தச் சாலையில் ஓட்டலாம் போல இருந்தது.

ஒரு நாள் அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி செல்வி வண்டியை ஊர் எல்லையிலேயே நிறுத்தினாள். பின்னால் பெண்கள் காலிக் குடத்தோடு நின்றார்கள். “நீங்க கொண்டாந்து ஊத்த ஊத்த, எங்களுக்குத் தண்ணி இல்லன்றதே எங்களுக்கும் மறந்துபோவுது, மேல இருக்கறவங்களுக்கும் மறந்துபோவுது. நாங்க கூப்புடுற வரைக்கும் வராதீங்க டீச்சர்” என்றாள். ஜான்சனுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை செய்ததற்கு இதுதானா என்று கேட்டார். டீச்சர் டிரம்மைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். சுருக்கென்று வலித்தது தெரிந்தது. ஆனாலும் சரி என்றார். வண்டியைத் திருப்பினேன். வழியெல்லாம் பின்னால் டிரம்மில் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அன்று சாயங்காலம் ஜான்சனிடம் அவர், வேலைக்காரர் என்றால் போ என்றால் போக வேண்டும், நில் என்றால் நிற்கவும் வேண்டும், இரண்டாவதுதான் தனக்கு வரவில்லை என்றார்.

பெண்கள் குடங்களோடு சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். வெயிலில் ஒருத்தி மயங்கியும் விழுந்தாள். எங்களுக்குச் செய்தி வந்தது, டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு மையத்திலேயே இருந்தார், போகவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், பேசினார்கள், குழாய் வருவதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆனது. குழாயில் தண்ணீர் வந்த அன்று எங்களைக் கூப்பிட்டார்கள். டீச்சர் போய் வரிசையின் கடைசியில் நின்றார். செல்வி ஒரு சொம்பை நிரப்பிக்கொண்டு வரிசையின் கடைசிவரை நடந்து வந்து நீட்டினாள்:

“இன்னிக்கு இது எங்க தண்ணி. நாங்க ஊத்தறோம், நீங்க குடிங்க.”

காற்று அடித்த பிறகு

சுனாமி வந்து ஏழு வருஷம் கழித்து ‘தானே’ என்று பெயர் வைத்த புயல் அடித்தபோது நான் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் என் கிராமத்தில் இருந்தேன். விடிந்து பார்த்தால் ஊர் என்னுடைய ஊராக இல்லை. எங்கப்பா காலத்து முந்திரித் தோப்பு முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. வீட்டு ஓடு பாதி போய்விட்டது. வானம் வெட்கமில்லாமல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. எங்கேயும் சத்தமே இல்லை, பறவைகூட இல்லை. நான் வாசலில் உட்கார்ந்து, தொடுகிற தூரத்தில் கிடந்த ஒரு கிளையில் இலைகளைத் தடவிக்கொண்டிருந்தேன். அன்று பூராவும் அப்படியே போனது.

மறுநாள் விழுந்த மரங்களுக்கு மேலே ஏறி இறங்கி இரண்டு பேர் வருவது தெரிந்தது. டீச்சரும் ஜான்சனும். சாலையில் வண்டி வர முடியாது, குறிஞ்சிப்பாடியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். டீச்சர் கையில் ரொட்டிப் பை. ஜான்சன் தலையில் தார்ப்பாய்ச் சுருள். நான் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இத்தனை வருஷம் முகாம் முகாமாக ஜனங்கள் கையை நீட்டுவதைப் பார்த்தவன்தான். ஆனால் அந்தக் கை எவ்வளவு கனம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னொன்றும் இருந்தது. ஜான்சன் ஷூவைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே, ஒரு அடி தள்ளியே நின்றார். அப்படி நிற்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் வாசல் அப்படிப்பட்ட வாசல். என் மனைவி கலா கொட்டகைக்குப் பின்னால் வந்து, நீ ஊரார் வாசலில் எல்லாம் வண்டியை நிறுத்தினாயே, இப்போது உன் வாசலில் நிற்கிறார்கள், நீயே போய்க் கூப்பிடு என்றாள்.

போனேன். ஜான்சன் கையைப் பிடித்து, உள்ளே வாங்க என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், பிறகு உள்ளே வந்தார். கலா கொடுத்த காபியைக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று பேரும் குடித்தோம். மேலே ஓடு இல்லாததால் காபியில் வெயில் விழுந்தது. டீச்சர் எப்போது துடைப்பத்தை எடுத்தார் என்று தெரியவில்லை, உடைந்த ஓடுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஜான்சன் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு கூரைமேல் ஏறினார். நான் கீழிருந்து கயிறு கொடுத்தேன். தார்ப்பாயில் பாதியைக் கட்டியவர் அப்படியே நிமிர்ந்து, தோப்பு இருந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தோப்பு இருந்தவரைக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பக்கத்தில் எதுவும் தெரியாது. பிறகு கீழே குனிந்து என்னிடம் சொன்னார்:

“அண்ணே, மரமெல்லாம் சாஞ்சதுல இங்கேருந்து உங்க ஊரு காலனி தெரியுது. அங்கயும் ஒரு வீட்லயும் கூரை இல்ல. இத முடிச்சிட்டு அங்க போலாமா?”

போனோம். நாலைந்து நாள் அங்கேயே இருந்தோம். மரத்தை அறுத்தோம், கூரை போட்டோம். ஒரே சாலையில் தினமும் போய்க்கொண்டிருந்தவன், என் வாசலிலிருந்து காலனிவரைக்குமான அந்த நானூறு அடி தூரத்தை அப்போதுதான் முதல் தரமாக நடந்தேன். அடுத்த வருஷம் மையத்தின் வேலை முடிந்து, டீச்சர் வேறு ஊருக்குப் பள்ளிக்கூட வேலைக்கே திரும்பிவிட்டார். ஜான்சன் சிதம்பரத்தில் சின்னதாக ஒரு மையம் ஆரம்பித்தார். நான் இப்போது வேறு இடத்தில் ஓட்டுகிறேன், நல்ல முதலாளிதான். மற்றபடி, என்னைப் போல ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அவதிப்படும் அன்பர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான்: அதிகாரம் பண்ணுகிறவர்களுக்கு வண்டி ஓட்டினால் முதுகு மட்டும் வலிக்கும், பணிவிடை செய்கிறவர்களுக்கு ஓட்டினால் முதுகோடு சேர்த்து மனசாட்சியும் வலிக்கும், இதில் இரண்டாவதற்கு எந்தக் கடையிலும் தைலம் கிடைப்பதில்லை.